வளையத்தில் விழுந்த மூன்று பிழைகள்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் கஸ்பார் என் பாலிமரேஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது நான் எல்லோருக்கும் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கு நிதானம் உண்டு. இல்லை என்று சொல்பவர்கள் நாலாவது மாடியில் இருக்கிறார்கள், அவர்களை நம்ப வேண்டாம்.

என் பெயர் இர்மா கத்ரிலெயோ. உலகத்தின் தென்கோடி ஊரான வல்திவியாவில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் உயிர்வேதியியல் கட்டடத்தில், இரண்டாவது மாடிச் சோதனைக்கூடத்தில், இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் என் பாலிமரேஸை வைத்துத்தான் வாங்கினார்கள்.

பாலிமரேஸ் என்பது டி.என்.ஏ.வைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பிரதி எடுக்கும் புரதம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் அது வழியில் எங்கேயாவது மூன்று வாரம் படுத்துக் கிடக்கும், கூட வைத்த உலர் ஐஸ் ஆவியாகிப் போகும், இங்கே வந்து சேரும்போது பெட்டிக்குள் செத்த சரக்குதான் இருக்கும். அதனால் எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாடியும் ஒரு சாமானைத் தானே தயாரிக்கும், மற்ற மாடிகள் வந்து வாங்கிக்கொள்ளும். பாலிமரேஸ் என் பொறுப்பு. மூன்றாவது மாடியில், அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டுகிற லிகேஸ். நாலாவது மாடியில் மீன் ஆராய்ச்சிக்காரர்கள். அங்கே என் தோழி த்ரான்சிதோ 'பசிச்ச பாக்டீரியா' செய்வாள். வெளியிலிருந்து டி.என்.ஏ.வைக் கொடுத்தால் லபக்கென்று விழுங்கிக்கொள்ளும்படி பக்குவப்படுத்திய பாக்டீரியா அது. இதற்கெல்லாம் காசு கிடையாது. ஒரு பாட்டில் காட்டுப்பழ ஜாம், ஒரு பை சிப்பி, இப்படி ஏதாவது கைமாறும். பச்சை மூடி போட்ட ட்யூப் என்றால் அது என்னுடையது என்று வாசலில் இருக்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

டாக்டர் கஸ்பார் ஜெர்மனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு மார்ச்சில் வந்து சேர்ந்தவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அங்கே போன் செய்தால் மறுநாள் காலை எந்தப் புரதமும் மேசைக்கு வந்துவிடுமாம். இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது எங்களுக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு அவர் திரையில் போட்டது யெசேனியாவின் முடிவுகளை. யெசேனியா சிலோயே தீவுப் பெண், முனைவர் பட்டத்துக்கு மூன்றாவது வருடம். அன்டார்க்டிகாவிலிருந்து வந்த ஒரு பாக்டீரியாவின் ஹெலிகேஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பவள். டி.என்.ஏ.வின் முறுக்கிய இரண்டு இழைகளையும் பிரித்துத் திறந்துகொண்டே போகிற புரதம்தான் ஹெலிகேஸ். அது திறந்து விட்டால்தான் மற்றவர்கள் உள்ளே நுழைந்து வேலை பார்க்க முடியும். சாதாரண ஹெலிகேஸ் குளிரில் விறைத்துப் போகும். தன்னுடையது பனியிலும் திறக்கும் என்பது அவள் நம்பிக்கை.

அந்த ஹெலிகேஸின் மரபணுவை என் பாலிமரேஸால் பிரதி எடுத்து, ஒரு டி.என்.ஏ. வளையத்தில் லிகேஸால் ஒட்டி, அந்த வளையத்தைப் பசிச்ச பாக்டீரியாவுக்கு ஊட்டி, மூன்று மாதமாக வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆறு தனித்தனிக் குடுவைகள். ஆறிலும் ஹெலிகேஸ் அசையவில்லை. எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்ததில் ஆறு மரபணுவிலும் பிழை. ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில்.

டாக்டர் கஸ்பார் அந்தப் பிழைகளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தார். வீட்டுத் தயாரிப்புப் பாலிமரேஸை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்றார். எழுதியதைத் திரும்பிப் பார்க்காத பாலிமரேஸ் அது, அதைக் கொண்டு ஒரு மாணவியின் மூன்று மாதத்தைப் பாழாக்கிவிட்டோம், இனிமேல் இந்தக் கட்டடத்தில் அதை நிறுத்திவிட வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் இயக்குநர் புரொஃபசர் ஹெர்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கேக் நன்றாக இருக்கிறது என்றார். நான் யெசேனியாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அழுகை வந்தது. என் பாலிமரேஸ் திரும்பிப் பார்க்காது என்பது எனக்குத் தெரியாததா? அது வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் புரதம். கொதிக்கிற சூட்டிலும் எழுதும், ஆனால் எழுதியதைச் சரிபார்க்கிற குணம் அதற்குக் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் எத்தனை எழுத்துக்கு எத்தனை பிழை என்று அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன். யெசேனியாவின் மரபணு அளவுக்கு ஒரு பிழை வரலாம். பல பிரதிகளில் அதுவும் வராது. ஆறில் ஆறும், அதுவும் இரண்டு மூன்றாக என்றால், அது என் சரக்கின் கையெழுத்து இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் யாரும் பச்சை மூடி கேட்டு வரவில்லை. எப்போதும் வாரத் தொடக்கத்தில் ஏழெட்டுப் பேராவது கதவைத் தட்டுவார்கள். மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டான். போன் தலைகீழாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் யெசேனியாவை இழுத்து உட்கார வைத்தேன். வெளியே அடைமழை. உன் எழுத்துகளையெல்லாம் காகிதத்தில் எடு, வெட்டினது, நறுக்கினது, தூக்கிப்போட்டது எல்லாவற்றையும் சேர்த்து எடு என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இங்கேதான் எங்கள் ஆட்களின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மரபணுவைப் படிக்க அனுப்பும்போது, படிக்கிற இயந்திரம் நேராக மரபணுவிலிருந்து தொடங்காது. வளையத்தில் கொஞ்ச தூரம் படித்துக்கொண்டு வந்து மரபணுவுக்குள் நுழையும். அதேபோல அந்தப் பக்கமும். அந்த ஓரம் யாருக்கும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு ரொட்டி கொடுக்கும்போது ஓரத்தை நறுக்கிவிடுவதுபோல, கணினியே நறுக்கி எறிந்துவிட்டு நடுவை மட்டும் காட்டும். டாக்டர் கஸ்பார் பார்த்தது நடுவை. யெசேனியா பார்த்ததும் நடுவைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஓரத்தைப் பார்த்த ஒரு ஆளையும் நான் கண்டதில்லை, நான் உட்பட.

புதன்கிழமை பாத்திரம் கழுவும்போது எனக்கு உறைத்தது இதுதான். என் பாலிமரேஸ் தொட்டது மரபணுவை மட்டும். வளையத்தை அது தொடவே இல்லை. வளையம் பிரதி எடுக்கப்படுவது பாக்டீரியாவின் வயிற்றுக்குள், பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களால். அங்கே ஒரு பெரிய கூட்டமே வேலை பார்க்கிறது. ஹெலிகேஸ் முன்னால் திறந்துகொண்டு போகும். பிரிந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒரு புரதம். பிறகு பிரைமேஸ் வந்து தொடக்கப் புள்ளி வைக்கும். அது வைத்துக் கொடுக்காமல் பாலிமரேஸ் எழுதவே ஆரம்பிக்காது, அவ்வளவு கௌரவம். ஒரு இழையில் பாலிமரேஸ் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போகும், மற்றதில் துண்டு துண்டாக எழுதும், அந்தத் துண்டுகளை லிகேஸ் பின்னாலேயே வந்து ஒட்டும். இவர்களோடு பிழைதிருத்தி என்று ஒரு புரதம், பாலிமரேஸின் தோளை உரசிக்கொண்டே போய், எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, தப்பென்றால் அழித்துவிடும். என் வீட்டுக்காரரும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார். ஆனால் அந்தப் புரதத்தால் பிரயோசனம் உண்டு.

ஆக, பிழை மரபணுவில் மட்டும் இருந்தால் நான் குற்றவாளி. வளையத்திலும் இருந்தால் பாக்டீரியா குற்றவாளி. இவ்வளவுதான் வழக்கு.

வளையத்தின் சரியான எழுத்துகள் அச்சில் இருந்தன. அவள் அதை வாசித்தாள், நான் அடிக்கோலை வைத்து அவளுடைய தாளில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏ, ஜி, ஜி, டி, சி, ஏ. ஆறு மரபணுவுக்கும் இரண்டு பக்கமாகப் பன்னிரண்டு ஓரங்கள், ஒவ்வொன்றும் நூற்றைம்பது எழுத்துக்குக் குறையாமல். வராந்தாவில் போன புரொஃபசர் ஹெர்தா நாங்கள் ஜெபமாலை சொல்கிறோம் என்று நினைத்துக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்றாவது ஓரத்தில் ஒன்று அகப்பட்டது. ஏழாவதில் ஒன்று. கடைசிக்கு முந்தியதில் இன்னொன்று. வளையத்தில் மூன்று பிழைகள், என் பாலிமரேஸ் மூச்சுக்கூட விடாத இடத்தில். யெசேனியா வாசிப்பதை நிறுத்தினாள்.

"அப்போ உங்க பாலிமரேஸ் இல்ல, சேன்யோரா இர்மா."

"இல்ல."

"திங்கக்கிழமை நான் வாயத் தொறந்திருக்கணும்."

தொறந்திருக்கணும்தான், ஆனா பரவால்ல என்று சொன்னேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. பிழைதிருத்தி இல்லாத பாக்டீரியா என்று ஒரு ரகம் உண்டு. வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் வளர்ப்பது. எங்கள் கட்டடத்தின் பெரிய உறைபெட்டியில் அதுவும் ஒரு ட்யூபில் இருக்கிறது. பசிச்ச பாக்டீரியா செய்யும்போது நல்லதை எடுப்பதற்குப் பதில் யாரோ அதை எடுத்துவிட்டார்கள். பசிச்ச பாக்டீரியா செய்வது யார்? த்ரான்சிதோ. நான் படி ஏறினேன். இரண்டு மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன், கோபத்துக்கு அந்தச் சக்தி உண்டு.

த்ரான்சிதோ தன் மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானஸ்நானத்தில் ஞானத்தாய். அன்றைக்கு அதெல்லாம் எனக்கு நினைவில்லை. கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போடு, வேலை செய்ய முடியவில்லை என்றால் வீட்டில் உட்கார், உன்னால் என் பெயர் நாறிப்போச்சு, ஒரு பெண்ணின் மூன்று மாதம் குப்பைக்குப் போச்சு என்று பொரிந்து தள்ளினேன். மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் வெளியே போய்விட்டார்கள். த்ரான்சிதோ கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து, உறைபெட்டியைத் திறந்து, யெசேனியா வாங்கிய தொகுதியில் மீதி இருந்த பசிச்ச பாக்டீரியா ட்யூப்களில் ஒன்றை எடுத்து, பனியைக் கட்டைவிரலால் துடைத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"படி."

"என்னத்த?"

"தேதியப் படி. அப்புறம் கையெழுத்து யாருதுன்னு பாரு."

9/7, ஜூலை ஒன்பது. ஏழின் வயிற்றில் குறுக்குக் கோடு, ஒன்பதுக்கு வளைந்த வால். என் கையெழுத்து.

ஜூலையில் த்ரான்சிதோவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்று வாரம் அவள் வரவில்லை. நாலாவது மாடியில் பசிச்ச பாக்டீரியா தீர்ந்துவிட்டது என்று யெசேனியா அழாத குறையாக வந்து நின்றபோது, இதென்ன பெரிய வித்தை என்று நானே ஒரு தொகுதி செய்து கொடுத்தேன். மற்ற மாடிகளில் பழைய இருப்பு இருந்தது. என்னுடையதை வாங்கியது அவள் மட்டும்தான்.

"நான் சரியான ட்யூபத்தான் எடுத்தேன்," என்றேன்.

"எடுத்திருப்ப. சோதிச்சுப் பாத்துடலாம், வா."

சோதனை எளிது. பாக்டீரியாவைக் கொல்லுகிற மருந்து கலந்த தட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியாவைத் தடவ வேண்டும். ஒழுங்கான பாக்டீரியா என்றால் கிட்டத்தட்ட எல்லாம் செத்துப் போகும், அதிர்ஷ்டப் பிழை விழுந்த ஒன்றிரண்டு மட்டும் தப்பிக்கும். பிழைதிருத்தி இல்லாத ரகம் என்றால் பிழைகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் தப்பிப் பிழைப்பவையும் ஏராளம். இரண்டு ரகத்தையும் அன்றே குடுவையில் வளர விட்டு, வெள்ளிக்கிழமை இரண்டு தட்டில் தடவினோம். ஒன்றில் த்ரான்சிதோவின் பாக்டீரியா, ஒன்றில் என்னுடையது. எனக்கு அப்போதே தெரியும். ஜூலையில் என் குடுவை வளர்வதற்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. பிழைதிருத்தி இல்லாதது நோஞ்சான், மெதுவாகத்தான் வளரும். ஜூலை எங்களுக்குக் குளிர்காலம், நான் குளிரைத் திட்டிவிட்டு மேலே வேலையைப் பார்த்தேன்.

எப்படி நடந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டோம். உறைபெட்டியில் சதுரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு குழி. எந்த ட்யூப் எந்தக் குழியில் என்று மூடியில் ஒட்டிய தாளில் இருக்கும். நான் தாளைப் பார்ப்பதில்லை. மேலிருந்து மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது, கை தானாகப் போகும், அதில் எனக்கு ஒரு திமிர். ஜூனில் மின்சாரம் போனபோது பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார்கள். அந்தப் பெட்டி தலைமாற்றி உள்ளே போயிருக்கிறது. என் கை வழக்கம்போல மூன்றாவது வரிசைக்குப் போயிற்று. ஆனால் அது ஏழாவது வரிசை.

சனிக்கிழமை காலை நானும் த்ரான்சிதோவும் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். அவளுடையதில் இரண்டு புள்ளிகள். என்னுடையதில் ரவையைக் கொட்டின மாதிரி இருந்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் த்ரான்சிதோ எண்ணினாள், என்னை வதைப்பதற்காக. நூற்றெண்பதில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவள் தட்டை மூடி வைத்தாள். ஆற்றங்கரையில் கடல்சிங்கங்கள் மீன் சந்தைக் கழிவுக்காகக் கத்திக்கொண்டிருந்தன.

"திங்கக்கிழமை பாக்டீரியா கெட்டதுன்னு மட்டும் சொல்லு," என்றாள். "அது போதும். உன் பாலிமரேஸ் தப்பிச்சுக்கும்."

"பாக்டீரியான்னா எல்லாரும் உன்னத்தான் நெனப்பாங்க."

"நெனைக்கட்டும். எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் யாரு என்னத்த நெனச்சா என்னடி?"

சும்மா சொல்கிறாளா, என்னைச் சோதித்துப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. அவளோடு பழகினவர்களுக்குத் தெரியும், அவள் முகத்தில் அதைப் படிக்க முடியாது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது ஒரு நல்ல யோசனையாகவே எனக்குப் பட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பொய் சொல்ல வேண்டாம், ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் போதும். என் பச்சை மூடி பிழைக்கும். டாக்டர் கஸ்பாரின் வாய் அடைபடும். யெசேனியா வியாழக்கிழமை என்னைப் பார்த்த மாதிரியே எப்போதும் பார்ப்பாள். மதியச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் சூப்பில் உப்பு இல்லை என்றார். ருசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. அவரைத் திட்டாமல் உப்பை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து அவரே பாத்திரம் கழுவினார்.

திங்கட்கிழமை நாற்பது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாகப் பதினைந்து பேர் வந்தாலே அதிகம். சண்டை என்றால் மழை ஒரு தடையே இல்லை. டாக்டர் கஸ்பார் போன வாரத்துத் திரையையே மறுபடி போட்டார். நான் கையைத் தூக்கி, யெசேனியாவின் தாள்களைக் காட்டி, ஓரத்தில் விழுந்த மூன்று பிழைகளைச் சொன்னேன். வளையத்தைப் பாலிமரேஸ் தொடுவதில்லை என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறையில் ஒரு சலசலப்பு. சில தலைகள் நாலாவது மாடி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பின. த்ரான்சிதோ தன் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தலைகள் திரும்பியதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெரிய மனசு என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். அவள் என் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தினவள். அவ்வளவுதான்.

"பாலிமரேஸ் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "பாக்டீரியாதான் தப்பு. அத ஜூலைல செஞ்சது நான். பெட்டி திரும்பியிருந்துச்சு, நான் மூடியப் படிக்கல. த்ரான்சிதோவுக்கு இதுல சம்பந்தமில்ல."

பிறகு டாக்டர் கஸ்பார், ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்கள் எல்லோரும் எறிந்தது அது ஒன்றுதான், வேறு எங்கே தேடுவது என்றேன். அவர் மடிக்கணினியைத் திறந்து தன்னுடைய பழைய முடிவுகள் எதையோ பார்க்க ஆரம்பித்தார். கூட்டம் முடியும் வரை தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

புரொஃபசர் ஹெர்தா கண்ணாடியைத் துடைத்தார். பாலிமரேஸ் இருக்கட்டும், நிறுத்த வேண்டாம் என்றார். பசிச்ச பாக்டீரியா இனி த்ரான்சிதோ மட்டும். அவள் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். உறைபெட்டியின் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு மூலையை வெட்டிவிட வேண்டும், எந்தப் பக்கம் மேல் என்று கைக்கே தெரியும்படி. வெட்டுவது நான்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோதே யெசேனியா எழுந்து வெளியே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. என்னை நம்பித்தான் அந்தப் பெண் ஜூலையில் வந்தாள். மூன்று மாதம் தினமும் என் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டாள். விடுமுறைக்குத் தீவுக்கும் போகவில்லை. பிழையை எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்வது எனக்கு நிம்மதி தரலாம், அவளுடைய மூன்று மாதத்தைத் திருப்பித் தருமா?

செவ்வாயும் புதனும் நூற்றுநாற்பது பெட்டிகளுக்கு மூலை வெட்டினேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. மூன்றாவது மாடிக்காரர்கள் பச்சை மூடி கேட்டு வர ஆரம்பித்தார்கள், கூடவே அசட்டுச் சிரிப்பும் கொண்டு வந்தார்கள். த்ரான்சிதோ ஒரு பை சிப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, மூலையைக் கோணலாக வெட்டியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனாள். யெசேனியா மட்டும் வரவில்லை. ஹெர்தாவிடம் சொல்லி வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொள்ளப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது, மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை நான் புதுப் பாலிமரேஸ் வடிகட்ட உட்கார்ந்தபோது வாசலில் மழைக்கோட்டோடு அவள் நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி. உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு ட்யூப் பாலிமரேஸ் வேணும்," என்றாள். "பாக்டீரியா த்ரான்சிதோ குடுத்துட்டாங்க."

எடுத்தேன். வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என்கிட்டேர்ந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"கோவம் உங்க மேல, சேன்யோரா இர்மா. இது மேல இல்ல."

இரண்டு ட்யூபையும் ஐஸில் புதைத்தாள். மூடியை அழுத்திப் பார்த்தாள். போய்விட்டாள். படியில் அவள் ஈரச் செருப்புச் சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

நான் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னதும் அதேதான். பாலிமரேஸ் நல்லது, தப்பு என்னுடையது. சொன்னேனே தவிர, நான் அதை நம்பவில்லை. நான், என் பாலிமரேஸ், இரண்டில் ஒன்று கெட்டால் மற்றதும் போச்சு என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். மூன்று மாதத்தை இழந்தவள் வந்து இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, வடிகட்ட உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் முடித்தால்தான் அளந்து பார்க்க நேரம் இருக்கும்.